ஆறாம் தேதி, ஐந்தாம் தேதியே தொடங்கும்

கடையத்திலிருந்து ஒருவர் போனில், "தை மாசம் ஹால் என்னைக்கும்மா காலியா இருக்கு?" என்று கேட்டார். தென்காசியில் நான் மேனேஜராக இருக்கும் கல்யாண மண்டபத்தில் அதற்குப் பதில் சொல்ல மூன்று டைரிகளைப் பார்க்க வேண்டும். ஆபீசில் ஒன்று, முதலாளி அண்ணாச்சி வீட்டில் ஒன்று, அவர் மருமகன் கடையில் ஒன்று. நான் இரண்டு பேரிடமும் விசாரித்து முடிப்பதற்குள் கடையத்துக்காரர் வேறு மண்டபம் பிடித்துவிட்டார். மூன்று டைரியும் எல்லோருடைய போனிலும் ஒரே இடத்தில் தெரிந்தால் என்ன என்று அந்த நிமிடம்தான் தோன்றியது. அப்புறம் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எம்.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு எட்டு வருடமாகப் பந்தல்காரரோடும் ஜெனரேட்டரோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வயது முப்பத்து மூன்று.

ஆடியில் கல்யாணம் கிடையாது. ஊரே குற்றாலத்தில் அருவிக்கடியில் நிற்கும். நான் மணமகள் அறையில், சுற்றிலும் பல்பு வைத்த கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பைத்தான் கோடிங் படித்தேன். எர்ரர் வந்து நிமிர்ந்தால் என் திருதிரு முழிதான் எதிரே தெரியும். பிறகு புரட்டாசி, மார்கழி என்று மண்டபம் காலியாகக் கிடந்த மாதமெல்லாம் படிப்பு. அடுத்த ஆடிக்குள் புக்கிங் புரோகிராம் ஓடியது. தேதியைத் தட்டினால் காலி என்றால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு.

"தையோட வேலைய விடுதேன் அண்ணாச்சி. இனி இதுதான் என் தொழில்."

"எங்கன போவ? சென்னைக்கா?"

"எங்கயும் போகல. மத்த மண்டபத்துக்கும் எழுதிக் குடுப்பேன்."

தைரியமாகச் சொல்லிவிட்டேன். காட்டுவதற்குக் கையில் இருந்தது அந்த ஒரே புரோகிராம்தான்.

ஆவணியில் ஓர் ஐந்தாம் தேதி, காலை பத்து மணி. சர்ச்சில் கல்யாணம் முடித்து வருகிற ஒரு குடும்பத்துக்குச் சாயங்காலம் ரிசப்ஷன். சமையல்கட்டில் பிரியாணி மாஸ்டரின் ஆட்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். போன் அடித்தது. மறுநாள் கல்யாணம் வைத்திருந்த இலத்தூர் வீட்டாரின் சமையல்காரர், தவசிப்பிள்ளை.

"எம்மா, மூணு மணிக்கு சாமான் எறக்குதோம். அடுப்பெல்லாம் கழுவியிருக்கும்லா? சுத்த சைவம், பாத்துக்க."

போனை வைத்ததும் லேப்டாப்பைத் திறந்தேன். இங்கே ஆறாம் தேதிக் கல்யாணம் என்றால் ஐந்தாம் தேதி மூன்று மணிக்கே மண்டபம் அவர்களுடையது. மாப்பிள்ளை அழைப்பு, சாப்பாடு எல்லாம் முந்தின சாயங்காலம். மண்டபத்தைக் கூட்டுகிற அக்காவுக்குக்கூட அது தெரியும். அதனால்தான் அதை எந்த டைரியிலும் எழுதியதில்லை. புரோகிராமிலும் எழுதவில்லை. மருமகன் ஐந்தாம் தேதியைத் தட்டியிருக்கிறார், பச்சை வந்திருக்கிறது, கொடுத்துவிட்டார். நானும் பச்சையை நம்பித் திரும்பிப் பார்க்கவில்லை.

அண்ணாச்சி வந்ததும், "மூடு அந்த டப்பாவ!" என்றார். பெண்ணின் அப்பா இலத்தூரிலிருந்து பைக்கில் வந்து நின்றார்.

"மாப்ள வீட்டுக்காரங்கள எங்கன வச்சு வாங்கன்னு சொல்ல? பஸ் ஸ்டாண்டுலயா?"

"தப்பு என்மேலதான். அரை மணி நேரம் குடுங்க."

மறுநாள் முகூர்த்த நாள் என்பதால் மற்ற மண்டபங்களும் அதே சாயங்காலம் நிரம்பியிருந்தன. ஆனால் சீசன் ஓய்ந்து குற்றாலத்து லாட்ஜ்கள் ஈயோட்டிக்கொண்டிருந்த நேரம். ஏழாவது போனில் ஹாலும் சமையல்கட்டும் சேர்ந்து கிடைத்தன. மாப்பிள்ளை வீட்டாரிடம் நானே பேசினேன்.

"குத்தாலமா? அருவில தண்ணி விழுதா?" என்றார் மாப்பிள்ளையின் சித்தப்பா.

"நல்லா விழுது சித்தப்பா."

"அப்ப துண்டு எடுத்துட்டு வாரோம்."

அழைப்பு அங்கே நடந்தது. சைவச் சாப்பாடும் அங்கேயே வெந்து காலையில் வேனில் வந்தது. தாலி எங்கள் மேடையில் ஏறியது. பெண்ணின் அப்பா கிளம்பும்போது, "நல்லா முடிஞ்சதால சும்மா போறேன், கேட்டியா?" என்றார்.

புரோகிராமை அடியோடு மாற்றினேன். புக்கிங் என்பது தேதி இல்லை. எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்பது. நடுவில் கழுவிவிட மூன்று மணி நேரம். சமையல்கட்டுக்குத் தனிக் கணக்கு. சரிபார்க்க எட்டு வருட டைரிகளையும் ஏற்றினேன். பழைய வருடங்களில் இரண்டு இடத்தில் ஒரு புக்கிங் இன்னொன்றோடு மோதுகிறது என்று காட்டியது. அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இது அந்த சடங்கு வீடுல்லா? ரெண்டு பேருட்டயும் பேசி நீதான சரிக்கட்டுன?"

"ஆமா. டைரியும் தப்பு பண்ணிருக்கு அண்ணாச்சி. நான் வாயால அடைச்சேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தை வரைக்கும் ரெண்டும் ஓடட்டும். டைரியத் தூரப் போட்டுறாத."

முப்பதுக்கு மேல் கோடிங்குக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். தெரியாததைக் கேட்டாவது எழுதிவிடுவோம். மிக நன்றாகத் தெரிந்ததுதான் விட்டுப்போகும்.

போன வாரம் பிரியாணி மாஸ்டர் வந்தார். "எம்மா, என் அண்டா எந்தெந்த வீட்டுல நிக்குதுன்னு எனக்கே தெரியல. அதுக்கு ஒண்ணு எழுதேன்." என் முதல் வெளி ஆர்டர். மார்கழி பிறந்ததும் லேப்டாப்பை வீட்டில் வைத்துவிட்டு அவருடைய பாத்திர வேனில் ஏறப்போகிறேன். ஓர் அண்டா இறங்கி, வெந்து, கழுவி, திரும்ப ஏறும்வரை கூடவே நிற்பேன். முதல் வரியை அதற்குப் பிறகுதான் தட்டுவேன்.