புகைக்குள் என் பேர்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்த்தேன். அன்றைக்கு லீவு கிடைக்காத எரிச்சலில், என் வருகைப்பதிவு கார்டைத் தோழி சல்மாவிடம் கொடுத்து கேட்டில் தேய்க்கச் சொல்லிவிட்டு, சொந்தக்காரக் கல்யாணத்துக்குப் போய்விட்டேன்.

மதியம் பட்டுப்புடவையோடு வேலைக்குத் திரும்பினால், பசை குடோனில் தீ. எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். கார்டு கணக்கில் நான் மட்டும் உள்ளே. சல்மா உண்மையைச் சொல்வதற்குள், எனக்கு லீவு தர மறுத்த சூப்பர்வைசர் அன்வர் பாய் உள்ளே ஓடியிருந்தார். புகைக்குள்ளிருந்து என் பேரைச் சொல்லிக் கத்தும் அவர் குரல் எனக்கே கேட்டது.

இருமிக்கொண்டே வெளியே வந்தவர் என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"உள்ள இல்லியா நீ? அப்பாடா... அது போதும்மா" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

என் வேலை போனது. நியாயம்தான். இப்போது வேறு கம்பெனி. தினமும் கார்டைத் தேய்க்கும்போது, "உள்ளதான் இருக்கேன், பாய்" என்று மனசுக்குள் சொல்லிவிட்டுத்தான் மெஷினில் உட்காருகிறேன்.