பதுளையில் இல்லாத கடல்

பதுளையைப் படம் எடுக்க வர நினைப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே கடல் கிடையாது. கிழக்குக் கடற்கரைக்கு மாட்டு வண்டியில் போனால் ஐந்தாறு நாள் ஆகும். எங்கள் வகுப்பில் இரண்டாம் வாங்குப் பலகையில் இருக்கும் சிறு பெண்ணுக்குக்கூட இது தெரியும். ஆனாலும் எழுத வேண்டியிருக்கிறது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

மாசி மாதம் கண்டியிலிருந்து என் தாய்மாமா வந்தார். அங்கே அவருக்குப் படம் பிடிக்கும் கடை இருக்கிறது. தபால் அட்டைகளில் அச்சடிக்க மலைநாட்டுக் காட்சி வேண்டும் என்று கொழும்பு வியாபாரி ஒருவர் கேட்டிருந்தாராம். பதுளையைச் சுற்றி நாலு பக்கமும் மலை. மாசியில் விடிந்ததும் பனிமூட்டம் பள்ளம் முழுவதையும் நிரப்பிவிடும். மேலிருந்து பார்த்தால் கோயில் மரங்களும் மாதா கோயில் கூரையும் மட்டும் வெளியே தெரியும். அதைப் பிடிக்கத்தான் வந்தார். நேரமும் குறிப்பும் எழுதிக்கொள்ள நானும் வருகிறேன் என்றேன். பசார் தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் அப்பா, இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்குப் புறப்பட்டோம். நமுனுகுல மலைப்பக்கம் ஏழு மைல் தள்ளி இருக்கும் கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்வர வண்டிக்கூலி இரண்டு ரூபாய். ஏற்றத்தில் மாடு நின்றுவிட்டால் இறங்கி நடக்க வேண்டும். நானும் வண்டிக்காரரும் நாலு தடவை இறங்கினோம். மாமாவின் மடியில் படம் பதியும் கண்ணாடித் தகட்டுப் பெட்டி இருந்ததால் அவர் மட்டும் இறங்கவில்லை. மாலை ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அப்பாவின் கடையில் துணி எடுக்கும் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வீட்டில் தங்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் வேலை இல்லை. வழிகாட்ட, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து செல்லாயி என்பவர் வந்தார். முப்பது வயது இருக்கும், கொழுந்து எடுக்கிறவர். காலை ஐந்தே முக்காலுக்கு ஏறத் தொடங்கினோம். ஒரு மைல்தான், ஆனால் தேயிலைக்குள்ளே செங்குத்தான ஒற்றையடிப் பாதை. படப்பெட்டியை நிறுத்தும் மூன்றுகால் சட்டத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் போக, காலில் ஒட்டிய அட்டைகளைப் பிய்த்து எறிந்துகொண்டே நான் பின்னால் போனேன். மாமா எல்லாருக்கும் பின்னால், மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார்.

ஆறரைக்கு உச்சிப் பாறைக்கு வந்தோம். கீழே பதுளை இல்லை. வெள்ளையாக, அசையாமல், மலைக்கு மலை தொட்டுக்கொண்டு பனி கிடந்தது. பாறைக்குக் கீழே வலப்பக்கம் இருந்த லயத்துக் கூரைகளில் மட்டும் அடுப்புப் புகை.

ஆறு தகடுகள்தான் இருந்தன. ஐந்தை வெறும் மலைக்கே செலவழித்த பிறகு, மலையின் உயரம் தெரிய முன்னால் ஓர் ஆள் வேண்டும் என்றார் மாமா. செல்லாயியை நிற்கச் சொன்னார். இருபத்தைந்து சதம் தருகிறேன் என்றார்.

“காசு வேணாங்கய்யா. படத்துல ஒண்ணு குடுங்க. அடுத்த ஞாயித்துக்கெழம பெரிய கங்காணி ஆள் கூட்டியார இந்தியாவுல எங்க ஊருக்குப் போறாரு. ஆத்தாகிட்டக் காட்டச் சொல்லிக் குடுத்துவிடணும்” என்றார் அவர்.

“எதுக்கு அக்கா?” என்று கேட்டேன்.

“எங்க ஆத்தா எனக்குக் கருமாதி பண்ணிருச்சு பாப்பா. நாங்க வந்த வருசம் வழியில பேதி. எங்க கூட்டத்துல பாதிப் பேரு போயிட்டாங்க. திரும்பிப் போன ஒருத்தன் நானும் போயிட்டேன்னு சொல்லிட்டான்.”

“கடிதம் எழுதவில்லையா?”

“மூணு போட்டாச்சு. கடுதாசி யாரு வேணும்னாலும் எழுதலாம்ல? ஆளு புடிக்கக் கங்காணி பொய் சொல்றாருன்னு அது நம்பல. மூஞ்சியப் பாத்தா நம்பும்.”

மாமா ஆகட்டும் என்று தலையை ஆட்டினார். “கட்டாயம் தருவோம் அக்கா, நானே கையில் கொடுப்பேன்” என்றேன் நான். இதை என் குறிப்புப் புத்தகத்திலும் எழுதினேன்.

மாமா படப்பெட்டியின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். “தலையில முக்காடு போட்டுக்கிட்டு என்னய்யா வெக்கம்?” என்று செல்லாயி கேட்டதும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“ஊர்ப்பக்கம் திரும்பி நில்லும்மா. முதுகு தெரிஞ்சாப் போதும்” என்றார் மாமா துணிக்குள்ளிருந்து.

“ஊர நான் தெனமும்தான் பாக்குறேன். இன்னிக்கு ஆத்தாவப் பாக்கணும்.”

மாமா மூன்று தடவை திரும்பச் சொன்னார். மூன்று தடவையும் செல்லாயி நேரே படப்பெட்டியைப் பார்த்தார். பனி கலையத் தொடங்கியது. வேறு வழியில்லாமல் மாமா மூடியைத் திறந்து மூன்று எண்ணி மூடினார். ஏழு மணி பத்து நிமிஷம். செல்லாயி கண்ணைக்கூட இமைக்கவில்லை.

இதுவரை நடந்தது நல்ல பயணம். இனி வருவது வேறு.

அடுத்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, பதுளை பசார் தெருவில் மாமா வேலைக்காக எடுத்திருந்த பின்கட்டு அறைக்குப் போனேன். கங்காணியின் வண்டி பண்டாரவளை ரயிலடிக்கு ஒரு மணிக்குப் புறப்படும். செல்லாயி பதினொன்றரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். மேசையில் படம் காய்ந்துகொண்டிருந்தது. மலைகள் இருந்தன. நடுவில் கடல்! கடலில் பாய் விரித்த தோணிகள், மொத்தம் ஐந்து. லயம் இல்லை, புகை இல்லை, செல்லாயி இல்லை.

“மாமா, இது என்ன?”

“கொழும்புக்காரர் எழுதியிருக்காரு கமலம். கப்பல்ல வர்றவனுக்கு மலையும் வேணும், கடலும் வேணுமாம். பனி பாக்கக் கடல் மாதிரிதானே இருக்கு? தகட்டுல ஊசியால நாலஞ்சு தோணி கீறினேன். எப்படி?”

“பதுளையில் கடல் ஏது?”

“வாங்குறவன் வந்து முங்கியா பாக்கப் போறான்?”

“செல்லாயி அக்கா எங்கே?”

“அது மொறைச்சுக்கிட்டு நின்னுச்சு. லயமும் அழுக்கு. தகட்டுல செவப்பு மை பூசி அடைச்சுட்டேன், அந்த எடம் படத்துல வெறும் வெள்ளையா விழும். வேற படம் எடுத்துக் குடுக்கலாம், விடு.”

“வண்டி ஒரு மணிக்கு!”

“ரெண்டு நாள் வேலைடி இது. அந்தம்மாவுக்காக அழிக்கச் சொல்றியா?” என்று துண்டை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குக் குளிக்கப் போய்விட்டார்.

ஒரு பெண் உயிரோடு இருக்கிறாள் என்பதற்கு இருந்த ஒரே சாட்சியை அழுக்கு என்று மூடியிருக்கிறார்! நான் மறைக்காமல் சொல்கிறேன்: தகட்டை எடுத்தேன். மை கண்ணாடியின் பின்பக்கத்தில் இருந்ததால் துடைத்தால் படம் கெடாது. பஞ்சை நனைத்து செல்லாயி நின்ற இடத்தை மட்டும் துடைத்தேன். முதலில் தலை வந்தது, பிறகு தோள், பிறகு கால். லயத்தைத் துடைக்க நேரமில்லை. தகட்டையும் படத்தாளையும் ஒன்றாக அச்சுச் சட்டத்தில் வைத்து முற்றத்து வெயிலில் சாய்த்தேன். தாளில் படம் விழ இருபத்திரண்டு நிமிஷம் ஆனது.

மாமா திரும்பி வந்தபோது சட்டம் என் கையில் இருந்தது. அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். “கடல் நடுவுல பொம்பள நிக்குறா! எவன்டி வாங்குவான் இத?” நான் நகரவில்லை. மருந்துத் தண்ணீரில் போடாவிட்டால் அந்தப் படம் இரண்டு நாளில் கறுத்துவிடும். அந்த வேலை அவருக்குத்தான் தெரியும். “உங்களுக்காக நான் வாக்குக் கொடுத்தேன் மாமா. போடாவிட்டால் நீங்கள் செய்ததை அந்த அக்காவிடம் நீங்களே சொல்லுங்கள்” என்றேன்.

மாமா படத்தை வாங்கிப் பார்த்தார். “தோணி நல்லாத்தான் விழுந்திருக்கு” என்றார். பிறகு மருந்தில் போட்டார்.

செல்லாயி சொன்ன நேரத்துக்கு வந்தார். ஈரம் காயாத படத்தை இரண்டு கையாலும் வாங்கினார்.

“நாந்தான். காலச் சுத்தி என்ன பாப்பா தண்ணி?”

வெட்கத்தோடு, “கடல்” என்றேன். “மாமா வரைந்தது.”

செல்லாயி படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். “இருக்கட்டும். கடலத் தாண்டித்தானே வந்தேன். இந்தப் பக்கம் நிக்குறேன்னு ஆத்தாவுக்கு வெளங்கும்.”

பெரிய கங்காணி படத்தைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். வண்டி ஒரு மணிக்குப் புறப்பட்டது. இதை எழுதும் நாள் வரை பதில் வரவில்லை.

செல்லாயி பொறுத்துக்கொண்டார் என்பதால் நானும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று அம்மா சொல்கிறார். என்னால் முடியவில்லை. மலை அழகாக இருக்கிறது என்று வருகிறோம். அந்த மலையில் வேலை செய்கிறவர்களின் வீட்டைக் கண்ணுக்கு ஆகாது என்று அழிக்கிறோம். இது எந்த ஊர் நியாயம்?

இனி போகிறவர்களுக்கு: மாசி முதல் இரண்டு வாரம் நல்லது. ஏழு மணிக்குள் பாறையில் இருங்கள். ஏழே முக்காலுக்குப் பனி போய்விடும். அட்டைக்கு உப்புப் பொட்டலம் கொண்டுபோங்கள். கணக்கப்பிள்ளையிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். படத்தில் யாரையாவது நிற்க வைத்தால் அவர் எந்தப் பக்கம் பார்க்க விரும்புகிறார் என்றும் கேளுங்கள்.

மாமா மறுநாளே அந்த இடத்தில் மறுபடி மை பூசிக் கொழும்புக்கு அனுப்பிவிட்டார். இப்போது அந்தத் தபால் அட்டை பதுளையிலேயே ஒரு கடையில் ஐந்து சதத்துக்கு விற்கிறது. யாராவது வாங்கினால் இடப்பக்கத்து இரண்டு தோணிகளுக்கு நடுவே பாருங்கள். கடல் அங்கே மட்டும் கொஞ்சம் கூடுதல் வெள்ளையாக இருக்கும். அங்கேதான் செல்லாயி நிற்கிறார்.