நாலாவது இழுப்பு

பாதித் தம்ளர் தண்ணீரைத் தெருமுனையில் ஊற்றிவிட்டு, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குந்தி உட்கார்ந்து பார்க்கிறார் வேம்பு. மந்தைவெளியில் அவருடைய வாடகை சைக்கிள் கடைக்கு எதிரே டீ குடிக்கிறவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. "இன்னா வேம்பு, ரோடு தண்ணி கேட்டுச்சா?" என்பார்கள். அவர் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார். புதிதாகத் தார் போட்ட தெரு. வாட்டம் எந்தப் பக்கம் என்று அவருக்கு உடனே தெரிந்தாக வேண்டும்.

வருஷம் முழுக்கப் பஞ்சர் ஒட்டுகிற மனிதர், பங்குனியில் மயிலாப்பூர் மாடவீதிகளில் வேறு ஆளாகிவிடுவார். தேருக்குக் கட்டை போடுகிறவர் அவர். இழுப்பது ஆயிரம் கைகள் என்றாலும், எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சக்கரத்தின் அடியில் அவர் செருகிச் சுத்தியலால் தட்டும் புளியமரக் கட்டைதான் தீர்மானிக்கிறது. இடது சக்கரத்துக்கு முன்னால் கட்டை விழுந்தால் அது தயங்கும். வலது சக்கரம் முன்னேறும். தேர் இடப்பக்கம் திரும்பும். ஒரு விரற்கடை பிசகினால் கட்டை உள்ளே போகும், கையும் உள்ளே போகும். வேம்புவின் இடது கட்டைவிரலில் நகம் கிடையாது.

பஸ் வந்தால் எண்ணைப் பார்க்காமல் சக்கரத்தைப் பார்ப்பார். அப்படித் தவறவிட்ட பஸ்கள் ஏராளம். அவர் மனைவி ஜலஜாவைக் கேட்டால் கதை இன்னும் பின்னால் போகும். "பொண்ணு பாக்க வந்தப்பவே எங்க வூட்டு வாசல்ல நின்ன கட்டவண்டியத்தான் பாத்துக்கினு இருந்தாரு. நான் காபி குடுத்தது அவருக்கு இன்னிக்கும் தெரியாது."

போன வருஷம் ஆவணியில் ஒரு நாள் பட்டினப்பாக்கத்திலிருந்து எஸ்தாக்கி என்கிற படகுக்காரர் கடைக்கு வந்தார். அவர்கள் குப்பத்து மாதா கோயில் தேர் முந்தின திருவிழாவில் ஒரு வீட்டுச் சுவரை இடித்துவிட்டது. இந்த முறை எதையாவது உரசினால் அடுத்த வருஷம் முதல் கயிறு கிடையாது, டிராக்டர் கட்டித்தான் இழுக்க வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். அந்தக் கயிற்றைத் தொடுவதற்காகவே கோவளத்திலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் வருகிற ஜனம் டிராக்டரின் பின்னால் கைகட்டி நடக்குமா? எஸ்தாக்கி சொல்லி முடிப்பதற்குள் வேம்பு கடைப் பலகையை எடுத்து அடைக்க ஆரம்பித்திருந்தார்.

தேரைப் பார்த்ததும் அடியில் படுத்துவிட்டார். மேலே சிலுவை, இறக்கை விரித்த சம்மனசுகள், காகிதப் பூ. கீழே அவருக்குப் பரிச்சயமான அதே அச்சு, அதே இலுப்பைக் கட்டைச் சக்கரம், ஆணி படாமல் கோத்த அதே பூட்டு. மயிலாப்பூர்த் தேரைக் கழுவித் துடைக்கும்போது எங்கெல்லாம் விரல் ஓடுமோ அங்கெல்லாம் ஓடியது. வெளியே வந்தபோது முகமெல்லாம் மண், பல்லெல்லாம் சிரிப்பு. "நம்ம தேர் நைனா இது" என்றார்.

திருவிழாவன்று மாலை நாலரைக்குத் தேர் நகர்ந்தது. இருபது அடி போவதற்குள் வம்பு. மாடவீதியில் வேம்பு சிவப்புத் துண்டைத் தூக்கினால் கயிறு அப்படியே தொய்ந்துவிடும். வேலை முடிகிறவரை அவர் வாயைத் திறப்பதே இல்லை. இங்கே துண்டைத் தூக்கினார், கயிறு தொய்யவில்லை. எஸ்தாக்கி முன்னால் நின்று பாட, மற்றவர்கள் ஐலசா போட, நாலாவது ஐலசாவில் தேர் எகிறிக் கட்டைமேல் ஏறி இறங்கியது. வேம்பு கையை இழுத்துக்கொண்டது அவர் செய்த புண்ணியம்.

"துண்டு தூக்கினா நிக்கணும்னு சொன்னேனே" என்று கத்தினார்.

எஸ்தாக்கி ஓடி வந்து தலையைச் சொறிந்தார். "அண்ணே, பெரியவலை இழுக்கச்சொல்லோ பாட்டு பாதியில கைய வுட்டா மீனு பூடும். எங்க ஆளுங்க கண்ணால பாத்து இழுக்கறவனுங்க இல்ல. காதுதான்."

வேம்பு ஒரு நிமிஷம் கயிற்றையே பார்த்தார். பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். மூன்று ஐலசாவுக்குக் கயிறு விறைக்கிறது, நாலாவதற்குத் தேர் நகர்கிறது. அப்படியானால் கட்டை போட வேண்டியது மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில். போட்டுப் பார்த்தார். சரியாக உட்கார்ந்தது. அடுத்ததும் உட்கார்ந்தது. மாடவீதியில் கிடைக்காத சௌகரியம் இது: தேர் எப்போது நகரும் என்று முன்கூட்டியே தெரிகிறது. ஐம்பத்திரண்டு வயது மனிதர் சக்கரத்துக்குச் சக்கரம் தவளை மாதிரி தாவினார்.

கடைசித் திருப்பம் இடப்பக்கம். நேர் எதிரே டிரான்ஸ்பார்மர். அதன் கீழே இன்ஸ்பெக்டர், கையில் லத்தி. கயிற்றின் தலைப்பைப் பிடித்தவர்களும் எஸ்தாக்கியும் முனை திரும்பி மறைந்துவிட்டார்கள். அங்கிருந்து தேர் தெரியாது. அவர் பாட்டோ முழு வேகத்தில் வருகிறது. இடது சக்கரத்தில் வேம்பு கட்டையைச் செருகிவிட்டார். அரை இழுப்புப் போதும். முழு இழுப்பு வந்தால் தேர் கட்டையைத் தாண்டி நேரே டிரான்ஸ்பார்மரில்தான் போய் நிற்கும்.

ஒன்று. இரண்டு.

வேம்பு பாடினார். பாட்டுத் தெரியாது, ராகம் தெரியாது. மாடவீதி முனைகளில் அம்பாள் தேரிடம் மனசுக்குள் கெஞ்சுவதைத்தான் அப்படியே எடுத்துவிட்டார். "மெல்ல வா தாயே..."

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கைகள் தாமாகவே தளர்ந்தன. "ஐலசா" என்றார்கள், அவர் குரலளவுக்கே மெதுவாக. அது கயிற்றோடு ஆள்மாற்றி ஆளாக முன்னால் போனது. முனைக்கு அப்பால் எஸ்தாக்கியின் குரல் சட்டென்று நின்றது. மறுகணம் அவரும் ஐலசா போட்டார்.

"கொஞ்சம் திரும்பு தாயே..."

"ஐலசா."

சக்கரம் கட்டையில் உரசி முனகியது. தேர் ஆடியது; சம்மனசுகளின் இறக்கை நடுங்கியது. பிறகு, ஏதோ கூப்பிட்ட குரலுக்குத் திரும்புவதுபோல, முழுத் தேரும் இடப்பக்கம் திரும்பிற்று. டிரான்ஸ்பார்மருக்கும் மாதாவின் குடைக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. இன்ஸ்பெக்டர் லத்தியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கைதட்டினார். தான் கைதட்டுவது உறைத்ததும் நிறுத்திக்கொண்டார்.

கோயில் வாசலில் தேர் நின்றபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. இன்ஸ்பெக்டர் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. அடுத்த வருஷமும் கயிறுதான் என்று அவர் பாதிரியாரிடம் சொன்னதும் வெடிச் சத்தத்தில் காக்கைகள் கலைந்தன. எல்லோரும் மேலே பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வேம்பு மட்டும் கீழே, கடைசிக் கட்டையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

எஸ்தாக்கி நன்றி சொல்ல வந்து குனிந்தார். வேம்பு, கடைசிக் கட்டையைத் தட்டி இறுக்கச் சொல்லிச் சுத்தியலை அவர் பக்கம் நீட்டிவிட்டு, சக்கரத்தை ஒட்டி ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு நகர்ந்துகொண்டார்.