ஏழு வீட்டுச் சட்டை

ரிஃப்காவுக்கு ஒரு கர்வம் உண்டு. எந்த வீட்டில் பசி இருக்கிறது என்பதை, அந்த வீட்டுக்காரி தேநீரைக் கொதிக்கவைத்து இறக்குவதற்குள் கண்டுபிடித்துவிடுவாளாம். ரொட்டி அடுப்பின் சாம்பலில் கையை வைத்துப் பார்ப்பாள். மாடியில் கோழி கத்துகிறதா என்று காதைத் தீட்டிக்கொள்வாள். தேநீரில் சர்க்கரை எத்தனை கரண்டி விழுகிறது என்று ஓரக்கண்ணால் எண்ணுவாள். எங்கள் மின்யா பக்கத்தில் மூன்று கரண்டிக்குக் குறைந்தால் அது தேநீரே இல்லை.

இருபத்தேழு வருஷமாக அவளுக்கு இதுதான் வேலை. கால்வாயின் இரு கரையிலுமாகப் பதினோரு கிராமங்கள். திருச்சபையின் தொண்டு நிலையத்துக்காக வீடு வீடாக ஏறி இறங்கி, யாருக்கு மாவு, யாருக்குப் போர்வை, யார் வீட்டுக் குழந்தையை எடைபோட வேண்டும் என்று எழுதிவருவாள். ஏழைகள் என்று நாங்கள் சொல்வதில்லை. ஆண்டவரின் உடன்பிறப்புகள் என்போம். ரிஃப்காவை எல்லோரும் தாசோனி என்பார்கள். அக்கா என்று அர்த்தம். கால்வாய்க்கு அந்தப் பக்கத்து முஸ்லிம் பெண்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அக்கா என்றாலும் வாய் மட்டும் மாமியார் வாய். ஃபானூஸின் அம்மா என்பதால் உம் ஃபானூஸ் என்று பெயர்பெற்ற கிழவி எருமையைப் பக்கத்து வீட்டில் கட்டிவிட்டு, தன்னிடம் ஒரு கோழிகூட இல்லை என்று மூக்கைச் சிந்திய கதை ஊருக்கே தெரியும்.

"எருமை இல்லேன்னா, இந்த வெண்ணெய் உன் உடம்புலேருந்து வழிஞ்சுதா?" என்று பானையைத் திறந்து காட்டிவிட்டாள் ரிஃப்கா.

"பக்கத்து வீட்டுக்காரி குடுத்தா, தாசோனி!"

"நல்லாக் குடுத்தா. உன் எருமை கத்துற சத்தத்தையும் அவதான் குடுத்து அனுப்பினாளாக்கும்?"

கிழவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஆனாலும் பனிக்காலம் வந்ததும் அவளுக்கு ஒரு போர்வையை ரிஃப்காதான் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவளுடைய கோபம் அவ்வளவுதான்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், பதினோரு ஊர் மாமியார்கள் போதும் என்பாள். அவளுக்கு முன்னால் பிறந்த நான்கும் அம்மாவுக்குத் தங்கவில்லை. அதனால் ஐந்தாவது பிறந்ததும் அம்மா எங்கள் வழக்கப்படி ஏழு வீட்டுக்குப் போய்ப் பிச்சை கேட்டாள். வீட்டுக்கு ஒரு துண்டுத் துணி. அந்த ஏழு துண்டையும் ஒட்டுப்போட்டுச் சட்டை தைத்துப் போட்டால், இது பிச்சைக்காரப் பிள்ளை, இதை எடுத்து என்ன செய்வது என்று சாவு திரும்பிப்போய்விடும். வசதியான வீட்டுப் பெண்களும் இதைச் செய்வார்கள். கொடுப்பவர்களும் சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள். அந்தச் சட்டையைப் போட்டுத்தான் நான் பிழைத்தேன் என்று ரிஃப்கா சொல்லாத நாள் கிடையாது.

ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை சந்தில் ஹனூனா எதிரே வந்து நின்றபோது ரிஃப்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய நோன்பு தொடங்கி இரண்டாவது நாள். அம்ஷீர் மாதக் காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. ஹனூனா, முகத்திஸ் வாஸிலியின் மருமகள். ஜெருசலேம் போய்வந்தவர் என்பதால் அவருக்கு முகத்திஸ் பட்டம். ஒவ்வொரு அறுப்புக்கும் தொண்டு நிலையத்துக்கு நான்கு மூட்டை கோதுமை அளந்த வீடு அது. ஹனூனாவுக்கு ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் பிறந்து இறந்துபோயிருந்தன. இப்போது சால்வைக்குள் பன்னிரண்டு நாள் ஆண்குழந்தை.

"ஷஹாத்தாவுக்குப் பிச்சை போடுங்க, தாசோனி," என்று அவள் சால்வை முனையை ஏந்தினாள். ஷஹாத்தா என்றால் பிச்சையெடுத்துப் பெற்றது.

"அடி என் தங்கமே! எத்தனாவது வீடு நான்?"

"நாலாவது."

ரிஃப்கா யோசிக்கவே இல்லை. கழுத்திலிருந்த துணியின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்துச் சால்வையில் போட்டாள். குழந்தையின் நெற்றியில் முத்தமிட்டாள். தன் அம்மா கதையை ஒருமுறை முழுக்கச் சொன்னாள். ஹனூனா பொறுமையாகக் கேட்டுவிட்டு, நகராமல் நின்றாள்.

"கையில என்ன இருந்தாலும் ஒரு பிடி போட்டா நல்லதும்பாங்க, தாசோனி. மாவோ, பருப்போ..."

ரிஃப்கா வாய்விட்டுச் சிரித்தாள். "பாரேன், பொறந்து ரெண்டு வாரம் ஆகல, தொரைக்கு மூட்டை கேக்குது! துணிதான்டி வழக்கம். துணி போதும், இவன் நூறு வருஷம் இருப்பான். உன் மாமனாரைக் கேட்டதாச் சொல்லு."

ஹனூனாவும் சிரித்தாள். ரிஃப்காவுக்குப் பின்னால் நின்ற ஆட்டோவில் மூன்று மூட்டை பருப்பு இருந்தது.

மூன்று வாரம் கழித்து, கால்வாய்க்கு அந்தப் பக்கம் உம் ரஜப் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள் ரிஃப்கா. பேச்சுவாக்கில் உம் ரஜப் சொன்னாள்: "உங்காளுங்க பொண்ணு ஒண்ணு பிள்ளைக்குப் பிச்சை கேட்டு வருது, தாசோனி. மெலிசா, மூக்குக்கிட்ட மச்சம்."

"ஹனூனாவா? அவ ஏழு வீடு எப்பவோ முடிச்சிருப்பாளே!"

"ஏழா? எங்க தெருவுலயே ஒன்பது. நேத்தும் வந்துச்சு. நானும் நல்ல பூப்போட்ட துணியாப் பாத்துக் குடுத்தேன், கூடவே ரெண்டு ரொட்டி. போறப்ப பாரு, ரொட்டியைச் சால்வைக்குள்ள வச்சுக்கிச்சு, துணியை அந்தக் குட்டிச்சுவர் மேல வச்சிட்டுப் போயிருச்சு. எனக்கு ஒண்ணும் புரியல."

ரிஃப்கா எழுந்துபோய்ப் பார்த்தாள். சுவரின் மேல் துண்டுத் துணிகள் வரிசையாக இருந்தன. காற்றில் பறந்துவிடக் கூடாது என்று ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல். கொடுத்தவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்திருக்கிறாள். அவளுக்குத் துணி தேவைப்படவில்லை.

நோன்பு நாளில் எல்லார் வீட்டிலும் எண்ணெயும் அவரையும்தான். யார் வீட்டிலும் நெய் மணக்காது, யாரும் கறி வாங்கமாட்டார்கள். பசியை ஒளித்துவைக்க அதைவிட நல்ல காலம் கிடையாது. வழக்கம் தெரியாத வெளியூர்க்காரியாக இருந்திருந்தால், "ஏன்மா கையேந்துகிறாய்" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பாள். வழக்கத்தைக் கரைத்துக் குடித்த ரிஃப்காதான் ஏமாந்துபோனாள்.

"என்ன தாசோனி, முகமே செத்துக் கெடக்கு?" என்று கேட்டான் ஆட்டோ ஓட்டும் நாஷித்.

"பச்சை உடம்புக்காரி, நாஷித். கையை நீட்டி, பருப்புன்னு வாயைத் திறந்து கேட்டா. நான் சிரிச்சேன்டா. என் கதையைச் சொல்லிட்டு வந்தேன்." அவளுக்குத் தன் நாக்கைப் பிடுங்கி எறிந்துவிடலாம் போலிருந்தது. வழியெல்லாம் அழுதாள். நாஷித் அவளைக் கிண்டல் செய்யாமல் வண்டி ஓட்டிய நாள் அது ஒன்றுதான்.

முகத்திஸ் வாஸிலி உள்ளறைக் கட்டிலில் கதவைப் பார்த்தபடி சாய்ந்திருந்தார். இரண்டு கண்ணிலும் புரை. ஆட்கள் நிழலாகத்தான் தெரிவார்கள். "யாரு, ரிஃப்காவா? கோதுமைக்கு வந்தியா? இன்னும் அறுப்பு ஆகலியேம்மா."

அவர் பின்னால் நின்ற ஹனூனா உதட்டில் விரலை வைத்துக் கெஞ்சினாள்.

இருவரும் பின்கட்டுக்குப் போனார்கள். அங்கே அடுப்பு இருந்தது. ரிஃப்கா சாம்பலைத் தொட்டுப் பார்க்கவில்லை. குழந்தையை வாங்கிப் பார்த்தாள். முழங்கை மூட்டு புடைத்திருந்தது. அழக்கூடத் தெம்பில்லாமல் உதட்டை மட்டும் சப்பிக்கொண்டிருந்தது.

ஹனூனா காதோடு காதாகச் சொன்னாள். அறுப்பு நடக்க நிலமே இல்லை. புருஷன் அத்லியை லிபியாவுக்கு அனுப்ப அதை விற்றாயிற்று. நான்கு மாசமாக அவனிடமிருந்து ஒரு போன்கூட இல்லை. பிச்சை ரொட்டியை நனைத்து மாமனாருக்குக் கொடுத்துவிடுவாள். இவளுக்குப் பால் வற்றிக்கொண்டிருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடி?"

"உங்க நோட்டுல எங்க பேரு ஏறினா மாமா தண்ணிகூடக் குடிக்க மாட்டாரு, தாசோனி. ரெண்டு பிள்ளையைப் பொதைச்சாச்சு. இவரையும் பொதைக்கச் சொல்றீங்களா?"

"அப்ப இவன் போனாப் பரவால்லியா?" என்று சீறிவிட்டாள் ரிஃப்கா. ஹனூனாவின் முகத்தைப் பார்த்ததும் உடனே அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். தோளில் எலும்புதான் தட்டுப்பட்டது.

பருப்பு மூட்டையை இறக்கினால் கிழவர் பட்டினி கிடப்பார். இறக்காவிட்டால் இந்த வாரத்தைக் குழந்தை தாண்டாது. ரிஃப்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு கட்டிலருகே போய் உட்கார்ந்தாள்.

"முகத்திஸ், உங்ககிட்ட ஒரு உதவி கேட்டு வந்தேன். எங்க நிலையத்து ரொட்டி அடுப்பு இடிஞ்சுபோச்சு. நோன்புக்கு நாற்பது வீட்டுக்கு ரொட்டி குடுக்கணும். மாவு எங்களது. உங்க அடுப்பும், ஹனூனா கையும் கிடைச்சா..."

நிலையத்து அடுப்பு குத்துக்கல்லாக நின்றுகொண்டிருந்தது. நோன்பு நாளில் சொன்ன பொய்யை ஃபாதரிடம் பாவமன்னிப்புக் கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

கிழவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பத்து வயசு குறைந்த மாதிரி இருந்தது. "இதுக்கு உதவின்னு பேரா? வாஸிலி வீட்டு அடுப்பு எதுக்கு இருக்கு? கூலி கீலின்னு பேசினே, வெளிய போகச் சொல்லிருவேன்."

"சரி முகத்திஸ். சுடுறவங்களுக்குக் கொஞ்சம்..."

"ஒரு துண்டு எங்க வாயில படக் கூடாது. அது ஆண்டவரோட கூடப்பிறந்தவங்க பங்கு. கேட்டியா ஹனூனா?"

"கேட்டேன் மாமா."

ரிஃப்காவுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் விடிவதற்குள் மாவு மூட்டைகள் வந்து இறங்கின. ஹனூனா மாவு பிசைந்தாள். புளிக்க வைத்த மாவில் வெந்தயப்பொடி மணந்தது. சோளத்தட்டையைக் கொளுத்தி அடுப்பைச் சூடாக்கினார்கள். கிழவர் தன் கட்டிலை அடுப்பருகே போடச்சொல்லி, ஊர் முக்கியஸ்தர் மாதிரி உட்கார்ந்துகொண்டார். பலகையில் தட்டித் தட்டி, வட்டமும் மெல்லிசுமாக முதல் பத்தாவ் ரொட்டியை ஹனூனா அடுப்பில் வீசினாள். அது உப்பி, சிவந்து, மொறுமொறுவென்று வெளியே வந்தது. அதைக் கூடையில் வைத்தாள். இரண்டாவதையும் வைத்தாள். மூன்றாவதையும் வைத்தாள். அவள் ரொட்டியைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டது ரிஃப்காவுக்குத் தாங்கவில்லை.

"உப்பு பார்த்தியாடி?" என்று ரிஃப்கா திடீரென்று அதட்டினாள்.

"இல்ல தாசோனி."

"நாற்பது வீட்டுக்குப் போற ரொட்டி! உப்பில்லாம அனுப்பினா வாஸிலி வீட்டு ரொட்டின்னு ஊரே காறித் துப்பும். என்ன முகத்திஸ், நான் சொல்றது தப்பா?"

கிழவர் தாடியைத் தடவினார். "உப்பு பாக்கணும். அது நியாயம்தான்."

"நான் நோன்புல இருக்கேன். நேரமாகாம வாயில வைக்க மாட்டேன். பால் குடுக்கிறவளுக்குத்தான் நோன்பு கிடையாது."

ஹனூனா ஒரு ரொட்டியை எடுத்தாள். சூடு ஆறும்வரைகூடப் பொறுக்கவில்லை. நின்றபடியே தின்றாள். மொறுமொறுவென்று அது உடையும் சத்தம் மட்டும் கேட்டது. கண்ணிலிருந்து வழிந்தது தாடையில் இறங்கி ரொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. முழுசாகத் தின்று முடித்து, கையிலிருந்த தூளையும் நக்கினாள்.

"எப்படி?" என்றாள் ரிஃப்கா.

"சரியாத் தெரியல, தாசோனி."

"அப்ப இன்னொண்ணு தின்னு பாரு."

இரண்டாவது ரொட்டியும் உடைந்தது. கிழவர் தலையைச் சாய்த்து, அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகம் கோணிக்கொண்டு போயிற்று.

"ரிஃப்கா," என்றார் மெதுவாக. "ஒரு மாசமா இவ என் பக்கத்துல உக்காந்து வெறும் தட்டுல கரண்டியைத் தட்டுறா. நான் கேக்கணும்னுதான் தட்டுறா. மெல்லுற சத்தம் மட்டும் வராது. வெளிய கேட்டு வாங்கின ரொட்டிதான் என் வாய்க்குள்ள போகுதுன்னு எனக்குத் தெரியும்மா. நான் வாயைத் திறந்தா இவ மானம் போயிரும்னு பேசாம இருந்தேன்." தலையை ஆட்டிக்கொண்டார். "இல்ல, பொய் சொல்றேன். என் மானம்தான்."

ஹனூனா வாயில் ரொட்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். அடுப்புக்குள் ஒரு ரொட்டி கருகுவதை யாரும் கவனிக்கவில்லை. கிழவர் கையைத் துழாவிக் கூடையைக் கண்டுபிடித்தார். மேலாக இருந்த இரண்டை எடுத்து மருமகள் நிற்கும் பக்கம் நீட்டினார்.

"இந்தா. இது உப்பு பாக்கிறதுக்கு இல்ல. பசிக்கு. உக்காந்து தின்னு மகளே."