முதல் ஆடிச் சோறு

எழுபதுகளில், என் தலை ஆடிக்குச் சித்தூரில் இருந்த பிறந்த வீட்டுக்கு அழைத்துப்போக அம்மா வந்தாள். என்னைப் பார்த்ததும் மாமியாரிடம், "ஏனுங்க சம்பந்தி, எம்புள்ளைக்குச் சோறு போடறதில்லீங்களா?" என்றாள். கல்யாணத்துக்கு முன்பும் நான் ஒல்லிதான் என்பது அவளுக்கு மறந்தே போனது.

மாதம் முழுக்க நெய்ச்சோறு. கூடச் சாப்பிட்ட அம்மாவுக்கு ரவிக்கை இறுகிப்போனது. என் வளையல்களோ முழங்கை வரை ஓடின. சாப்பிட்டதெல்லாம் எங்கே போகிறதென்று எனக்கே குழப்பம்.

ஆவணியில் அம்மாவும் அப்பாவும் என்னைக் கொண்டுவந்து விட்டபோது மாமியார் ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்க சம்பந்தி, எங்க மருமகளுக்குச் சோறு போடலீங்களா?"

அப்போது குச்சிக் கைகளோடு அப்பா அரிசி மூட்டையைத் தனியாளாகத் தூக்கி வந்தார். அம்மாவும் மாமியாரும் அவரைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். மாமியார் சிரித்துவிட்டார்.

இன்றும் கண்ணாடியில் சேலை கட்டிய அப்பாதான் நிற்கிறார். சாப்பிட்டதெல்லாம் எங்கே போகிறதென்று மட்டும் அவரும் சொல்லாமலே போய்விட்டார்.