சித்தியின் நீதிமன்றத்தில் இரண்டாம் திருத்தம்

கஞ்சா பயன்படுத்துவோர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்னும் அமெரிக்கச் சட்டம் அந்நாட்டு அரசியலமைப்புக்கு முரணானது என்று, வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தின் விவாத மேடையில் நான் வாதாடி வென்ற வாரம் அது. ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அந்நாட்டு அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் காக்கிறது. தடைச்சட்டமோ, நேற்றுப் புகைத்தவர் இன்று தெளிந்திருக்கிறாரா என்று பார்ப்பதில்லை. பயன்படுத்துபவர் என்றாலே பறித்துவிடுகிறது. “போதைவெறியில் இருப்பவனைத்தான் பழைய சட்டங்கள் தடுத்தன. தெளிந்தவனின் வீட்டுக்குள் அவை புகவில்லை!” என்று நான் குரலை உயர்த்தியபோது எழுந்த கைதட்டலை இன்னும் மறக்கவில்லை. மறக்க முயன்றதுமில்லை.

வீட்டிலோ அதைவிட அவசரமான வழக்கொன்று காத்திருந்தது. சித்தப்பாவிடம் அனுமதிப்பத்திரமுள்ள துவக்கு ஒன்று உண்டு. கதிர் முற்றும் காலத்தில் எங்கள் வயல்வட்டையில் இறங்கும் பன்றிகளை விரட்ட அதுதான் துணை. அவர் பெயரில் உள்ளதால் வேறெவரும் அதை எடுத்துச் செல்ல முடியாது. இம்முறை அவருக்கு முதுகுவலி. நாட்டு வைத்தியர் கஞ்சா சேர்ந்த லேகியம் கொடுத்திருந்தார். அன்றே சித்தி துவக்கை அலுமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அன்றிரவே பன்றிகள் வந்து வரம்போரக் கதிர்களை உழக்கிவிட்டுப் போயின.

“இஞ்ச பாரு புள்ள, நீதான் எனக்கு லோயர்,” என்றார் சித்தப்பா. “அமெரிக்காக்காரனுக்கே துவக்கு எடுத்துக் குடுத்தவள் நீ.”

சித்தி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நான் நிமிர்ந்து நின்று, அவையை விளித்து, மேடையில் முழங்கியதையே முழங்கினேன்: மருந்து உண்பவர் என்பதற்காக ஒருவரின் உரிமையைப் பறிக்கலாகாது, மயக்கத்தில் இருக்கும் பொழுதுக்கு மட்டுமே தடை பொருந்தும்.

“கேட்டியா? எப்பிடித் தெறிக்குது!” என்று சித்தப்பா கைதட்டினார்.

“நல்லாத்தான் பேசினாய் புள்ள,” என்றார் சித்தி, துருவுவதை நிறுத்தாமல். “நான் சொல்றதும் அதுதான். மயக்கத்தில இரிக்கக்குள்ள துவக்குத் தொட ஒண்ணாது. சரிதானே?”

“சரிதான் சித்தி.”

“அப்ப உன்ட சித்தப்பாவக் கேளு, லேகியம் எப்ப தின்னுறார் எண்டு.”

“படுக்கப் போகக்குள்ள,” என்றார் சித்தப்பா மெதுவாக.

“பண்டி எப்ப வாறது?”

எதிரணியில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி. என் வாதத்தில் ஓட்டை இல்லை. ஓட்டையில்லாத அந்த வாதத்துக்குள்தான் என் கட்சிக்காரர் வசமாக மாட்டிக்கொண்டார்.

“எதிர்க்கட்சி உனக்கு என்ன தந்தது புள்ள?” என்று சித்தப்பா என்னை முறைத்தார்.

சித்தி எழுந்து கையைத் துடைத்தார். “காவலுக்குப் போற நாளில ராவைக்கு லேகியம் தின்ன ஒண்ணாது. விடியக் காவலால கிறுகி வந்து தின்னுட்டுப் பகல் முழுக்கப் படுங்க. வைத்தியரிட்டயும் கேட்டுட்டன், ஓமாம்.”

ஆக, நான் வாய் திறப்பதற்கு முன்பே தீர்ப்புத் தயாராக இருந்திருக்கிறது.

“ராவைக்கு முதுகு நோகுமே?” என்றார் சித்தப்பா.

“நொந்தா நித்திரை வராது. காவலுக்கு நல்லந்தானே.”

மறுநாள் மாலை, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சித்தப்பா புறப்பட்டார். சித்தி அலுமாரியைத் திறந்து துவக்கை எடுத்தார், கொடுக்கவில்லை.

“கண்ணக் காட்டுங்க.”

அவர் இரு கண்களையும் அகல விரித்தார். அவை தெளிவாகவே இருந்தன; வாசலில் நின்ற எனக்கே தெரிந்தது. ஆனாலும் சித்தி பார்த்துக்கொண்டே நின்றார். சித்தப்பாவும் துவக்குக்குக் கை நீட்ட அவசரப்படவில்லை. இனி வழக்கறிஞருக்கு அங்கே வேலையில்லை என்று நான் உள்ளே போய்விட்டேன்.