பென்சிலில் இருந்த தம்பி

குடும்ப மரம் வரைந்து கொடுக்கும் தொழிலில் செத்தவர்களால் ஒரு கரைச்சலும் இல்லை, தாங்கள் யார் என்று அவர்கள் வாதாட வருவதில்லை. சொந்தக்காரருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்துப் பேச்சு வாங்கிய அனுபவம் உங்களில் யாருக்காவது இருந்தால் என் பாடு விளங்கும். ஊரைவிட்டு இந்தக் குளிர்நாட்டுக்கு வந்த எங்கள் ஆட்களுக்காக ஸ்காபரோவில் ஆறு வருடமாக இதைச் செய்கிறேன். பிழையான பெயர்களைத் திருத்தி வயிறு வளர்ப்பவள் நான், ஆனால் இந்தக் கதையில் எல்லாருடைய பெயரையும் மாற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

மாமாவுக்கு வரும் தொலைபேசி

ரூஜ் பகுதியில் இருந்து ஒரு பெண் ஒரு பை நிறையப் பத்திரங்களோடு வந்தாள். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, தகப்பன் பெயர்தான் உண்டு. இங்கே வந்து இறங்கியபோது படிவத்தில் குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட ஏலாமல் அவளுடைய கணவர் தன் தகப்பன் கந்தையாவின் பெயரை எழுதிவிட்டார். அன்றிலிருந்து அவர் மிஸ்டர் கந்தையா, இவள் மிஸஸ் கந்தையா, பிள்ளைகளும் கந்தையா. வங்கியும் பல் வைத்தியரும் கந்தையாவைத்தான் கேட்டுத் தொலைபேசி எடுக்கிறார்கள். எந்தப் பத்திரம் எந்தக் கந்தையாவுடையது என்று பிரித்தெடுக்க எனக்கு மூன்று கிழமை பிடித்தது. மரத்தை வாங்கி மாமனாரின் கட்டத்தைப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "மாமா ஊரில எப்பவோ செத்திட்டார், அக்கா. இஞ்சதான் ஒருத்தரும் அவரைச் சாக விடுகினமில்லை."

உயிரோடிருந்த காலஞ்சென்றவர்

எங்கள் ஆட்களின் மரண அறிவித்தல்தான் எனக்குப் பதிவேடு. பிறந்த ஊர், இருந்த ஊர், பிள்ளைகள், சகோதரர், சம்பந்தி வரை வரிசையாக இருக்கும். ஒருவரின் அறிவித்தலில் அவருடைய தம்பிக்குக் 'காலஞ்சென்ற' என்று போட்டிருந்ததை நம்பி நானும் மரத்தில் அப்படியே போட்டுவிட்டேன்.

அந்தத் தம்பியே எனக்குத் தொலைபேசி எடுத்தார். அண்ணன் பிள்ளைகளோடு பேச்சுவார்த்தை அறுந்து பல வருடம். அவர்கள் யாரிடமும் விசாரிக்காமலே சித்தப்பாவைச் சாகடித்திருந்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, உடனே திருத்துகிறேன் என்றேன். அவர் சொன்னார்: "விடு தங்கச்சி, திருத்தாத. பிறகு நான் சாகேக்க இன்னொருக்கா அவைக்கு வேலை வைக்கக் கூடாது."

ஒரு கட்டம்

டோர்செட் பார்க் பகுதியில் ஒரு அடுக்குமாடியின் பதினோராம் மாடியில் தனியாக இருக்கும் யோகம் அன்ரியின் மரத்தில் ஒரு கட்டம் மட்டும் நிச்சயமில்லாததால் இரண்டு வருடமாகப் பென்சிலில் இருந்தது. அவருடைய ஒரே தம்பி பாலனின் கட்டம். பல வருடத்துக்கு முன் காசு வாங்கிக்கொண்டு ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரனோடு கொழும்பில் விமானம் ஏறியவர், அதற்குப் பிறகு ஒரு கடிதம்கூட இல்லை. சின்ன வயதில் அன்ரியின் கை தவறிச் சுடுகஞ்சி கொட்டியதில் காதுக்குக் கீழே கழுத்தில் ஒரு தழும்பு. ஆளைக் கண்டுபிடிக்க அன்ரியிடம் இருந்த அடையாளம் அது ஒன்றுதான். நான் போகும் ஒவ்வொரு முறையும் சொல்வார்: "செத்தானோ இருக்கிறானோ எண்டாவது சொல்லு பிள்ளை. திவசம் செய்யிறதோ விடுறதோ எண்டு தெரியாமல் இருக்கிறன்."

ஒஷாவா வாசல்

போன மாரியில் ஒஷாவாவில் இறந்த ஒரு பெண்ணின் அறிவித்தலில் கணவரோடு எடுத்த படம் இருந்தது. கணவர் பெயர் தர்மலிங்கம். கழுத்தில் அந்தத் தழும்பு.

விலாசம் தேடிப் போனேன். கதவைத் திறந்தவர் தான் பாலன்தான் என்று வாசலிலேயே ஒப்புக்கொண்டார். அந்தக் காலத்தில் ஏஜென்சிக்காரன் எவனுடைய பாஸ்போர்ட்டைத் தருகிறானோ அவனாகத்தான் விமானம் ஏற வேண்டும். இறங்கியபின் பலர் உண்மையைச் சொல்லித் தங்கள் பெயரை மீட்டுக்கொண்டார்கள். பாலன் பயந்துபோய்த் தர்மலிங்கமாகவே இருந்துவிட்டார். கலியாணமும் குடியுரிமையும் அந்தப் பெயரில். பிள்ளைகள் மூன்று பேரும் முன்பின் தெரியாத ஒருவரின் பெயரைத் தகப்பன் பெயராகக் காவித் திரிகிறார்கள். பிடிபட்டுவிடுவேன் என்ற பயத்தில் முதலில் அக்காவுக்கு எழுதவில்லையாம், பிறகு எழுத முகமில்லையாம்.

அக்கா ஒரு மணித்தியாலத் தூரத்தில்தான் இருக்கிறார் என்றேன். தெரியும் என்றார். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே மகள் கோப்பை கழுவும் சத்தம் கேட்க, கதவை மெல்லச் சாத்திவிட்டுச் சொன்னார்: "பிள்ளையளுக்கு ஒண்டும் தெரியாது, தங்கச்சி. அக்காவிட்ட பாலன் செத்திட்டான் எண்டு சொல்லிவிடுங்கோ."

மை

அடுத்த ஞாயிறு அன்ரி வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் முழுக்க ஒத்திகை பார்த்தும் பொய் ஒழுங்காக வாயில் வரவில்லை. "எல்லா இடமும் பாத்திட்டன் அன்ரி. ஆள் இல்லைப் போலதான் கிடக்கு. காலஞ்சென்றவர் எண்டு போடட்டோ?" என்று தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

அன்ரி என் முகத்தையே பார்த்தபடி இருந்தார். அழவில்லை. எழும்பிப் போய் ஒரு பேனையை எடுத்துவந்து தந்தார். பென்சில் எழுத்தின் மேல் நான் மையால் எழுதி முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டார்: "கழுத்துத் தழும்பு இப்பவும் தெரியுதோ, பிள்ளை?"

பிழையில்லாத மரம் தருவேன் என்று சொல்லித்தான் நான் தொழில் நடத்துகிறேன். அன்ரி வீட்டுச் சுவரில் மாட்டிய மரத்தில் பாலன் காலஞ்சென்றவராகத் தொங்குகிறார், அவருக்குத் திவசம் மட்டும் இன்றுவரை நடக்கவில்லை.